பிளகின் போய்விட்டது, வரிகள் போகவில்லை

விளக்குத்தூணுக்குப் பக்கத்தில் ஒரு சுங்குடிக் கடை. மாடியில் துணிப் பொதிகளுக்கு நடுவே ஒரு மேசை, ஒரு கணினி. இணையத்தில் வரும் ஆர்டர்களை அக்கா அங்கே உட்கார்ந்துதான் பார்ப்பார். கடைக்காரரின் மருமகள். சித்திரைத் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, ஒரு ஆர்டரைத் திறந்தா சுத்திக்கிட்டே இருக்கு. திருவிழா நேரம், ஒரு நாளைக்கு இம்புட்டு வருது, எப்படிப் பாக்குறது? ஹோஸ்டிங்காரங்ககிட்ட கேட்டா பெரிய பிளானுக்கு மாறச் சொல்றாங்க. மாறிடவா?"

"இப்ப மாற வேணாம்க்கா. நான் நேர்ல வந்து பாக்குறேன்" என்றேன்.

அந்தத் தளம் 2016-ல், இணையத் தளங்களை நடத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் தொடங்கியது. என்னிடம் வருவதற்கு முன் மூன்று பேர் கை மாறியிருந்தது. வேர்ட்பிரஸ்ஸில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் சிறு மென்பொருள்தான் பிளகின். ஒவ்வொருவரும் தமக்குப் பழகிய பிளகின்களைப் போட்டார்கள். அடுத்து வந்தவர் அவற்றை எடுத்துவிட்டுத் தம்முடையதைப் போட்டார். நான் பார்த்த அன்று பிளகின் பக்கத்தில் இருந்தவை 14. ஆனால் தளத்தின் தரவெல்லாம் இருக்கும் டேட்டாபேஸை பிஎச்பி மைஅட்மின் என்ற கருவியில் திறந்தால் 90-க்கு மேல் டேபிள்கள், அதாவது வரி வரியாகத் தரவு நிற்கும் பட்டியல்கள், இருந்தன. வேர்ட்பிரஸ் தனக்கென்று உருவாக்கிக்கொள்வது 12 டேபிள்கள்தான். கடை நடத்துவதற்கான வூகாமர்ஸ் தன் பங்குக்குச் சில டஜன் சேர்க்கும். அதையும் கழித்துப் பார்த்தால் இருபது இருபத்தைந்து டேபிள்களுக்குச் சொந்தக்காரர் யார் என்று தெரியவில்லை.

பிளகினை நீக்கினால் அதோடு எல்லாம் போய்விடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனாலும் பரணில் நாலு மூட்டை கிடக்கும். இதுவும் அப்படித்தான். 'டீஆக்டிவேட்' கொடுத்தால் பிளகின் ஓடுவது நிற்கும், அவ்வளவுதான். தரவில் கை வைக்கக் கூடாது என்பது வேர்ட்பிரஸ் உலகின் நல்ல வழக்கம். 'டெலீட்' கொடுக்கும்போது, பிளகினை எழுதியவர் 'அன்இன்ஸ்டால்' என்ற பெயரில், வேர்ட்பிரஸ்ஸின் நிரல்மொழியான பிஎச்பியில் ஒரு கோப்பு வைத்திருந்தால், வேர்ட்பிரஸ் அதை ஒரு முறை ஓட்டும். துடைக்கும் வேலையெல்லாம் அந்தக் கோப்புக்குள் எழுதியிருக்க வேண்டும். சிலர் எழுதுவதே இல்லை. சிலர் வேண்டுமென்றே அரைகுறையாக விடுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க பிளகினை எடுத்துவிட்டு மறுபடி போடுபவர்கள் நிறைய. அந்த நேரத்தில் ஐந்து வருட ஆர்டர்களும் சேர்ந்து போய்விட்டால் யார் பொறுப்பு? வூகாமர்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 'எல்லாத் தரவையும் அழி' என்று, தளத்தின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் தனியாக ஒரு வரி எழுதினால்தான் அது போகும்போது தன் தரவை அழிக்கும். இல்லாவிட்டால் அத்தனையும் இருக்கும்.

இன்னொரு வழியிலும் மிச்சம் சேரும். தளம் வெள்ளைப் பக்கமாக நின்றுவிட்டால், அவசரத்தில் ஃபைல் மேனேஜருக்குள் போய் பிளகினின் ஃபோல்டரையே அழிப்போம். அப்போது அந்த அன்இன்ஸ்டால் கோப்பு ஓடுவதற்கு வழியே இல்லாமல் போகிறது. இந்தக் கடைத் தளத்தில் மிச்சம் இருந்தவற்றில் பாதி அப்படி வந்தவை என்று நினைக்கிறேன்.

மிச்சமான டேபிள்கள் இடத்தை அடைக்கும், ஆனால் பெரும்பாலும் வேகத்தைக் கெடுக்காது. யாரும் கேட்காத டேபிளை டேட்டாபேஸ் திறப்பதில்லை. வேகத்தைக் கெடுப்பது, வேர்ட்பிரஸ்ஸும் பிளகின்களும் தங்கள் அமைப்புகளைச் சேமிக்கும் ஆப்ஷன்ஸ் டேபிள். அதில் ஒவ்வொரு வரிக்கும் 'ஆட்டோலோடு' என்று ஒரு குறி உண்டு. அந்தக் குறி உள்ள வரிகள் அத்தனையையும் வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் மொத்தமாக நினைவகத்துக்கு இழுத்து வரும். வாடிக்கையாளர் முகப்பைத் திறந்தாலும் சரி, அக்கா ஆர்டரைத் திறந்தாலும் சரி. ஐந்து வருடம் முன்பு எடுத்துவிட்ட, படங்களை நகர்த்திக் காட்டும் ஸ்லைடர் பிளகினின் அமைப்புகளும் அந்தக் கூட்டத்தில் தினம் வந்து போகும். 2024 ஜூலையில் வந்த வேர்ட்பிரஸ் 6.6 பதிப்பிலிருந்து இந்த மொத்தம் 800 கேபியைத் தாண்டினால், தளத்தின் நிலையைச் சோதித்துச் சொல்லும் 'சைட் ஹெல்த்' பக்கமே எச்சரிக்கிறது. இந்தக் கடையில் அது 4 எம்பிக்கு மேல் இருந்தது. அதில் ஒரே ஒரு வரி மட்டும் கிட்டத்தட்ட 2 எம்பி. எப்போதோ யாரோ போட்டுப் பார்த்த பார்வையாளர் கணக்கு பிளகின் விட்டுப்போனது.

இதை அளக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பழைய குறிப்புகளில் 'ஆட்டோலோடு எஸ்' என்று இருக்கும் வரிகளை மட்டும் கூட்டச் சொல்லியிருக்கும். 6.6-க்குப் பிறகு 'எஸ்' தவிர 'ஆன்', 'ஆட்டோ', 'ஆட்டோ-ஆன்' என்ற மதிப்புகளும் வந்துவிட்டன, அவையும் ஏற்றப்படுகின்றன. நான்கையும் சேர்த்துக் கூட்டாவிட்டால் கணக்கு குறைவாகக் காட்டும்.

அக்காவுக்கு அன்றே எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்திருக்கலாம். நான் அன்று ஒரு வரியைக்கூட அழிக்கவில்லை. காரணம், சில வருடங்களுக்கு முன் நான் செய்த ஒரு தவறு.

அழகர்கோவில் சாலைப் பக்கம் ஒருவருக்கு டிராவல்ஸ் தளம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் ஒரு நாள் இரவு சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். எந்தத் தளத்துடையது என்று காட்ட டேபிள் பெயரின் தொடக்கத்தில் ஒரு முன்னொட்டு இருக்கும். அந்தத் தளத்தின் டேபிள்களுக்கெல்லாம் ஒரே முன்னொட்டு. வேறு முன்னொட்டில் பதினாறு டேபிள்கள் தனியாக நின்றன. பழைய சோதனைத் தளத்தின் மிச்சம் என்று முடிவுகட்டி, அத்தனையையும் தேர்ந்தெடுத்து, டேபிளையே நீக்கிவிடும் 'டிராப்' கொடுத்தேன். மறுநாள் காலை ஆறரைக்கு அவரிடமிருந்து போன். அவர் மைத்துனரின் கல்யாண மண்டபத் தளம் திறக்கவில்லையாம். ஹோஸ்டிங் பிளானில் ஒரு டேட்டாபேஸ்தான் கிடைக்கும் என்பதால் இரண்டு தளங்களையும் ஒரே டேட்டாபேஸில் வேறு வேறு முன்னொட்டோடு வைத்திருந்தார்கள். எனக்கு அது தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

பேக்கப் இருக்கிறதே என்று தைரியமாகத் திறந்தேன். நான் பயன்படுத்திய பேக்கப் பிளகின், தன் தளத்தின் முன்னொட்டு உள்ள டேபிள்களை மட்டுமே எடுத்து வைத்திருந்தது. மண்டபத்தின் ஒரு வரிகூட அதில் இல்லை. ஹோஸ்டிங் நிறுவனத்தின் வாராந்தர நகல் கிடைத்தது, ஆனால் நான்கு நாள் பழையது. வைகாசி முகூர்த்த நேரம். அந்த நான்கு நாளில் யார் எந்தத் தேதிக்கு மண்டபம் பிடித்தார்கள் என்ற விவரம் தளத்தில் இல்லை. மண்டபத்து மேனேஜர் வயதானவர். அட்வான்ஸ் வாங்கியதும் கணினியில் ஏற்றினாலும் நீளமான கணக்கு நோட்டிலும் பேனாவால் எழுதி வைப்பவர். அந்த நோட்டை வைத்துத்தான் நான்கு நாளையும் திரும்ப ஏற்றினேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து தேதியை உறுதி செய்தோம். நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் ஒரே தேதிக்கு இரண்டு கல்யாணம் வந்து நின்றிருக்கும். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

அதிலிருந்து, முதல் நாள் என் வேலை கேட்பதும் நகல் எடுப்பதும் மட்டும்தான். இந்த ஹோஸ்டிங்கில் வேறு தளம் இருக்கிறதா, டேட்டாபேஸ் எத்தனை, கான்ஃபிக் கோப்பில் முன்னொட்டு என்ன. பிறகு டேட்டாபேஸ் முழுவதையும், முன்னொட்டு பார்க்காமல், எக்ஸ்போர்ட் செய்வேன். வேர்ட்பிரஸ்ஸைக் கட்டளை தட்டச்சு செய்து இயக்கும் டபிள்யூபி சிஎல்ஐ என்ற கருவி இருந்தால் அதன் 'டிபி எக்ஸ்போர்ட்' கட்டளை முழுதாக எடுத்துத் தரும். அழிக்கப்போகும் டேபிள்களைத் தனித்தனிக் கோப்பாகவும் எடுத்துக்கொள்வேன். ஏனென்றால் மூன்று நாள் கழித்து ஒரு டேபிள் வேண்டும் என்று தெரிந்தால், முழு நகலையும் திரும்ப ஏற்ற முடியாது. ஏற்றினால் அந்த மூன்று நாள் ஆர்டர்கள் காணாமல் போகும்.

எடுத்த நகலை என் மடிக்கணினியில் ஏற்றிப் பார்ப்பேன். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை. தமிழ்த் தளங்களுக்கு இது இன்னும் முக்கியம். பழைய தளங்களில் டேபிளின் எழுத்துக் குறியாக்கம் ஒன்றாகவும் இணைப்பின் குறியாக்கம் வேறாகவும் இருக்கும். நகல் எடுக்கும்போது அது இடறினால், திரும்ப ஏற்றிய தளத்தில் தமிழெல்லாம் கேள்விக்குறிகளாக நிற்கும். கோப்பின் அளவைப் பார்த்தால் எதுவும் தெரியாது. பக்கத்தைத் திறந்து சேலையின் பெயரைப் படித்தால்தான் தெரியும். அப்படி ஏற்றிய நகலில் மின்னஞ்சல் அனுப்புவதை முதல் வேலையாக நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் சோதனைத் தளம் உண்மையான வாடிக்கையாளருக்குக் கடிதம் அனுப்பும்.

எனக்குச் சொந்த ஊர் மேலூர்ப் பக்கம். எங்கள் ஊர்க் கண்மாயைத் தூர் வாரும்போது பெரியவர்கள் முதலில் ஜேசிபிக்காரரைக் கூட்டிக்கொண்டு போய் மடை எங்கே, குமிழி எங்கே, கரையின் அடி எதுவரை என்று காட்டுவார்கள். அதற்குப் பிறகுதான் மண்ணில் கை வைக்கவே விடுவார்கள். மேலே வண்டலாகத் தெரியும் இடத்துக்குக் கீழேதான் தண்ணீர் போகும் வழி இருக்கும். டேட்டாபேஸிலும் பெயரைப் பார்த்துச் சொந்தக்காரரை முடிவு செய்வதில் அதே ஆபத்துதான்.

இந்தக் கடையிலேயே ஒரு உதாரணம். 'ஆக்‌ஷன் ஷெட்யூலர்' என்ற பெயரில் நான்கு டேபிள்கள். ஒன்றில் லட்சக்கணக்கில் வரிகள். அந்தப் பெயரில் பிளகின் பக்கத்தில் எதுவும் இல்லை. பார்த்தால் மிச்சம் போலத்தான் இருக்கும். ஆனால் அது வூகாமர்ஸ் தனக்குள் வைத்திருக்கும் வேலைப் பட்டியல். வேறு பல பிளகின்களும் அதையே பகிர்ந்துகொள்கின்றன. பழைய மின்னஞ்சல் பிளகின் ஒன்று அங்கே போட்டுவிட்டுப் போன வேலைகள் கேட்பாரில்லாமல் குவிந்திருந்தன. அந்த வேலைகளை மட்டும் 'ஷெட்யூல்டு ஆக்‌ஷன்ஸ்' பக்கத்தில் வடிகட்டி நீக்கினேன். டேபிளில் கை வைக்கவில்லை.

சொந்தக்காரரைக் கண்டுபிடிக்க நான் நம்பும் வழி, நிரலில் தேடுவது. டேபிளின் பெயரையோ ஆப்ஷனின் பெயரையோ எடுத்துக்கொண்டு, பிளகின்கள், தளத்தின் தோற்றத்தைத் தரும் தீம், தானாகவே இயங்கும் பிளகின்கள் இருக்கும் மஸ்ட் யூஸ் ஃபோல்டர் எல்லாவற்றிலும் தேடுவேன். முழுப் பெயர் கிடைக்காவிட்டாலும் முன்னொட்டை நீக்கிய பகுதியைத் தேட வேண்டும். பல பிளகின்கள் பெயரைத் துண்டு துண்டாக ஒட்டிச் சேர்க்கின்றன. எங்கேயும் கிடைக்கவில்லை என்றால்தான் மிச்சம் என்ற சந்தேகமே தொடங்குகிறது.

எந்தப் பிளகின் என்று தெரிந்துவிட்டால் அதைவிட நல்ல வழி உண்டு. நகல் தளத்தில் அதே பிளகினைத் திரும்பப் போட்டு, அதன் அமைப்பில் 'நீக்கும்போது தரவையும் அழி' என்ற தேர்வு இருந்தால் அதை இயக்கி, முறையாக டெலீட் கொடுத்துப் பார்ப்பேன். எழுதியவருக்குத் தன் பொருள் எங்கெங்கே இருக்கிறது என்று நம்மைவிட நன்றாகத் தெரியும். முன்னும் பின்னும் எடுத்த நகல்களை ஒப்பிட்டால் எந்தெந்த வரிகள் போயின என்ற பட்டியல் கையில் கிடைக்கும். பல வருடம் கைவிடப்பட்ட பிளகினை நேரடித் தளத்தில் மட்டும் போட வேண்டாம். பாதுகாப்பு ஓட்டை உள்ள நிரலைக் கதவு திறந்து உள்ளே விடுவதாகும்.

கையால் தேடி அழிக்க வேண்டி வந்தால் அண்டர்ஸ்கோர் என்ற அடிக்கோட்டுக் குறி ஒரு கண்ணி. பிளகின்காரர்கள் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்தும் ஒரு அண்டர்ஸ்கோரும் போடுவது வழக்கம். 'எஸ், எல், அண்டர்ஸ்கோர்' என்று தொடங்கும் வரிகளை அழிக்க நினைத்து, பெயரின் ஒரு பகுதியைக் கொண்டு தேடும் 'லைக்' வைத்துத் தேடுகிறோம். டேட்டாபேஸுக்குக் கட்டளை எழுதும் எஸ்க்யூஎல் மொழியில் லைக்குக்குள் வரும் அண்டர்ஸ்கோர், 'ஏதாவது ஒரு எழுத்து' என்று பொருள்படும். ஆங்கிலத்தில் ஸ்லைடர் என்று தொடங்கும் வரிகளும் எஸ், எல், அடுத்து ஏதோ ஒரு எழுத்து என்பதால் சேர்ந்து வரும். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஸ்லைடரின் அமைப்பு அதோடு போகும். அண்டர்ஸ்கோருக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டால்தான் அது அண்டர்ஸ்கோராகவே இருக்கும். எப்போதும் அதே நிபந்தனையோடு முதலில், வரிகளைக் காட்ட மட்டும் செய்யும் 'செலக்ட்' ஓட்டி, வரும் வரிகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் படித்த பிறகுதான் 'டெலீட்' எழுதுவேன்.

ஒரு வரிக்குள் பாதியை மட்டும் அழிக்கலாம், மாற்றலாம் என்று நினைத்தால் அதைவிடப் பெரிய சிக்கல். பல பிளகின்கள் தங்கள் அமைப்புகளை பிஎச்பியின் சீரியலைஸ் வடிவத்தில் ஒரே வரியாகச் சேமிக்கின்றன. அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் நீளம் எழுதியிருக்கும், அந்த நீளம் பைட் கணக்கில். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'மதுரை' என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கு ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து குறியீடுகள், ஆக 15 பைட். 'மேலூர்' என்பதும் நமக்கு மூன்றெழுத்துதான். ஆனால் ஏகாரக் குறி, ஊகாரக் குறி, புள்ளி சேர்ந்து ஆறு குறியீடுகள், 18 பைட். பிஎச்பி மைஅட்மினில் கையால் மதுரையை எடுத்துவிட்டு மேலூரைப் போட்டால், முன்னால் 15 என்றே இருக்கும். பிஎச்பி அந்த வரியை எண்ணிப் பார்த்துப் பொருந்தாமல் முழுவதையும் தள்ளிவிடும். அந்த வரியில் இருந்த மற்ற அமைப்புகளும் போய்விடும். எனவே அந்த வகை வரிகளை முழுதாக அழிக்கலாம், அல்லது அப்படியே விடலாம். உள்ளே மாற்ற வேண்டுமென்றால் வேர்ட்பிரஸ் வழியாகவே மாற்ற வேண்டும்.

குறித்த நேரத்தில் ஓட வேண்டிய வேலைகளின் பட்டியலான கிரானும் அப்படி ஒரே வரியில்தான் இருக்கிறது. போன பிளகின்கள் போட்ட நேர அட்டவணைகள், கேட்க ஆளில்லாமல் தினமும் எழுந்து எழுந்து அடங்கும். அவற்றை டபிள்யூபி சிஎல்ஐயின் கிரான் கட்டளையால் பெயர் சொல்லி நீக்கினேன். 'யூசர் ரோல்ஸ்' என்று முடியும் வரி ஒன்று உண்டு. தளத்தில் யாருக்கு என்ன அதிகாரம் என்பது அதில் இருக்கிறது. பழைய பிளகின் சேர்த்த பதவிகள் அதில் மிச்சமிருந்தாலும் அந்த வரியை அழித்துவிடாதீர்கள். அழித்தால் தளத்தின் சொந்தக்காரராலேயே நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைய முடியாது. டிரான்சியன்ட்டுகள் என்பவை கொஞ்ச காலத்துக்கு மட்டும் சேமித்து வைப்பவை. அவற்றில் காலாவதியானவற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 4.9 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானே தினம் ஒரு முறை அவற்றைத் துடைக்கிறது.

யாருடையது என்று ஓரளவு தெரிந்த பிறகும் நான் உடனே அழிப்பதில்லை. முதலில் தூங்க வைக்கிறேன். ஆப்ஷன் வரியென்றால் அதன் ஆட்டோலோடை மட்டும் 'ஆஃப்' என்று மாற்றுவேன். வரி அங்கேயே இருக்கும். யாராவது அதைக் கேட்டால் வேர்ட்பிரஸ் தனியாகப் போய் எடுத்துக் கொடுத்துவிடும். யாரும் கேட்காவிட்டால் பக்கத்தின் மேல் பாரமாக ஏறாது. வேகத்துக்காக மட்டும் வந்திருந்தால் வேலை இதோடு முடிந்தது என்றே சொல்லலாம். அக்காவின் தளத்தில் இப்படி இருபது வரிகளைத் தூங்க வைத்ததுமே ஆட்டோலோடு 4 எம்பியிலிருந்து 600 கேபிக்கு இறங்கியது. மறுநாள் காலை அக்கா கூப்பிட்டார். "தம்பி, தொட்டவுடனே திறக்குது. என்ன பண்ணுன?" எதையும் அழிக்கவில்லை என்றதும் அவருக்கு நம்ப முடியவில்லை.

டேபிள் என்றால் பெயரை மாற்றுவேன். பெயருக்கு முன்னால் 'பழையது' என்று பொருள்படும் ஒரு சொல்லும் தேதியும். வேர்ட்பிரஸ்ஸின் டேட்டாபேஸை நடத்தும் மைஎஸ்க்யூஎல்லில் 'டிராப்' கொடுத்துவிட்டால் திரும்பப் பெற வழியில்லை. டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்து ஓட்டினாலும் செய்ததைத் திருப்பும் 'ரோல்பேக்' அதைக் காப்பாற்றாது. பெயர் மாற்றத்தை ஒரு நொடியில் திருப்பிவிடலாம். நகல் தளத்தில் முதலில் மாற்றி, எல்லாப் பக்கங்களையும் திறந்து, ஒரு சோதனை ஆர்டர் போட்டுப் பார்த்த பிறகே கடையின் தளத்துக்கு வருவேன். பிழைகளைப் பதிவு செய்யும் டீபக் லாகை இயக்கி, பிழை பக்கத்தில் தெரியாமல் கோப்பில் மட்டும் எழுதும்படி வைப்பேன். அந்த டேபிளை யாராவது தேடினால் 'அப்படி ஒரு டேபிள் இல்லை' என்று கோப்பில் பதிவாகும். சில பிளகின்கள் டேபிளைக் காணாவிட்டால் அதே பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அதைப் பார்த்தால் சொந்தக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு மாதம் காத்திருப்பேன். மாதம் ஒரு முறை அறிக்கை எடுக்கும் வேலை எங்காவது இருந்தால் அதற்குள் குரல் கொடுத்துவிடும்.

அந்த ஒரு மாதத்தில்தான் நான் எதிர்பார்க்காத இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன.

ஒன்று, பழைய தொடர்புப் படிவப் பிளகினின் டேபிள். மூன்று வருட விசாரணைகள். பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி, 'வளைகாப்புக்குச் சிவப்புல வேணும்' என்பது போன்ற குறிப்புகள். பிளகின் போய் ஐந்து வருடம் ஆகியும் அத்தனை பேருடைய விவரமும் பூட்டில்லாமல் கிடந்தது. தளத்துக்குள் யாராவது புகுந்திருந்தால் அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எந்த வேலைக்காக வாங்கினோமோ அது முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலொழிய, தரவை அழிக்கச் சொல்கிறது. ஆர்டர்களும் பில்களும் வேறு. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அந்த வித்தியாசத்தைச் சொல்லி, நாலு வரியை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"நம்மளை நம்பி நம்பர் குடுத்தவங்க தம்பி. இதை எதுக்கு ஒரு மாசம் வச்சிருக்கணும்? இன்னைக்கே எடுத்துரு" என்றார். அந்த ஒரு டேபிளுக்கு மட்டும் காத்திருக்கவில்லை. என் மடிக்கணினியில் இருந்த நகலிலும் பேக்கப்பிலும் இருந்ததையும் சேர்த்து அழித்தேன். அங்கே விட்டுவிட்டுத் தளத்தில் மட்டும் அழிப்பது அழித்ததாகாது.

இரண்டாவது, ஒவ்வொரு பதிவுக்கும், இங்கே ஒவ்வொரு சேலைக்கும், உரிய கூடுதல் விவரங்கள் இருக்கும் போஸ்ட் மெட்டா டேபிளில் இருந்தது. பதிவே இல்லாமல் தனித்து நிற்கும் மெட்டா வரிகளைத் தேடி எடுக்கும் வேலையைத் தொடங்கியிருந்தேன். கூடவே, பதிவு இருந்தும் எந்தப் பிளகினும் படிக்காத வரிகள் எத்தனை என்றும் பார்த்தேன். ஒரே பெயரில் முந்நூற்றுச் சொச்சம் வரிகள், ஒவ்வொன்றும் ஒரு சேலையோடு இணைந்தவை. கூடவே அதே பெயர் முன்னால் அண்டர்ஸ்கோரோடு இன்னொரு முந்நூறு. கூடுதல் புலங்கள் சேர்க்கும் பிளகின்கள் அப்படி இரட்டையாக எழுதுவதுண்டு. தளத்தை இரண்டாவது முறை வடிவமைத்தவர் அந்தப் பிளகினை எடுத்துவிட்டார். புலம் மறைந்தது, வரிகள் மறையவில்லை. துப்புரவுப் பிளகின் எதையாவது நம்பி ஒரே பொத்தானில் விட்டிருந்தால் 'பயன்பாட்டில் இல்லாதவை' என்று சொல்லி இவற்றைத்தான் முதலில் காட்டியிருக்கும்.

ஒரு வரியைத் திறந்து படித்தேன். 'கம்பி முடிச்சு. ஓரம் அரக்கு, உடல் மாம்பழ மஞ்சள். முடிந்தது பெரியம்மா. சாயம் இரண்டு முறை.' அடுத்ததும் அப்படியே. மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் கடைகளில் இன்று தொங்குவதில் பெரும்பகுதி அச்சுப் போட்டவை. கையால் முடிந்து சாயம் தோய்ப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். இந்த வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவார்கள். பெண்கள் தலைமுறைகளாக முடிந்தவர்கள். தளம் தொடங்கியபோது அக்காவின் மாமனார் ஒவ்வொரு சேலையையும் கையில் எடுத்துப் பார்த்து, யார் முடிந்தது, என்ன முடிச்சு என்று சொல்லச் சொல்ல, அக்கா தட்டச்சு செய்தாராம். மறுவடிவமைப்புக்குப் பிறகு அவை தளத்தில் காணவில்லை. போய்விட்டது என்று வீட்டில் அப்போதே விட்டுவிட்டார்கள்.

அக்காவுக்குப் போன் செய்து அந்த முதல் வரியைப் படித்தேன். கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமே இல்லை. "அது இன்னும் இருக்கா?" என்றார்.

மிச்சத்தை அழித்த இரவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடை அடைத்த பிறகு பத்தரை மணிக்குப் புதிதாக ஒரு முழு நகல் எடுத்தேன். ஒரு மாதம் தூங்கியும் யாரும் தேடாத பத்தொன்பது டேபிள்களை ஒவ்வொன்றாக டிராப் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் பெயர், காரணம், நேரம் என ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். ஆப்ஷன் வரிகளை அழித்ததும், வேகத்துக்காகத் தரவின் நகலைக் கையில் வைத்திருக்கும் ஆப்ஜெக்ட் கேஷைக் காலி செய்தேன். டேட்டாபேஸில் நேரடியாகக் கை வைத்தால் கேஷுக்கு அது தெரியாது, பழையதையே காட்டிக்கொண்டிருக்கும். மைஎஸ்க்யூஎல்லின் வழக்கமான இன்னோடிபி வகை டேபிளில் வரிகளை அழித்தாலும் கோப்பின் அளவு தானாகக் குறையாது, அதனால் ஆப்ஷன்ஸையும் போஸ்ட் மெட்டாவையும் மட்டும் 'ஆப்டிமைஸ்' செய்தேன். பெரிய பிளானுக்கு மாற வேண்டியிருக்கவில்லை.

முடிச்சுக் குறிப்புகளை ஒரு எக்ஸெல் தாளில் எடுத்து, அச்சிட்டுக் கொண்டுபோனேன். அக்காவின் மாமனார் கீழே கல்லாவில் இருந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றதைக்கூடக் கவனிக்கவில்லை. அக்காதான் ஓடிவந்து பார்த்தார். மாமனார் மூன்றாவது பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது தப்பா இருக்கு தம்பி. இந்தச் சேலையை முடிஞ்சது பெரியம்மா இல்லை, சின்னம்மா. அப்பவே நான் மாத்திச் சொல்லியிருக்கேன், எழுதாம விட்டுட்டாங்க."

புதிய புலம் அதற்குள் தளத்தில் வந்துவிட்டது. அக்கா மாடிக்குப் போய், அந்தச் சேலையின் பக்கத்தை எடிட்டரில் திறந்து, 'சின்னம்மா' என்று மாற்றிச் சேமித்தார். கீழே இறங்கி வந்து கைப்பேசியில் அந்தப் பக்கத்தை மாமனாரிடம் காட்டினார். அவர் படித்துவிட்டு, தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.